பஞ்சுத் தாடி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் அப்பா என் கண் முன்னால் தீப்பிடித்து எரிந்தார். 1986, டிசம்பர் இருபத்து நாலாம் தேதி, சாயங்காலம் ஆறு மணி இருக்கும்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் எங்கள் ஊர். பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் பலசரக்குக் கடை. அப்பா பேர் காளிராஜ். நல்ல தொந்தி, ஊரைக் கூப்பிடுகிற சிரிப்பு. கடையில் அரிசி பருப்போடு விளையாட்டுச் சாமானும் விற்பார். மரச் செப்பு, பம்பரம், பனையோலைக் கிலுகிலுப்பை, சாயம் பூசின மரக் குதிரை என்று கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும். கடைக்காரர் பிள்ளைக்குக் கடைப் பொம்மை கிடையாது. "விக்கிற சாமான், தொடாதே" என்பதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

நாங்கள் இந்துக்கள். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம், முப்பது வீடு. அங்கே இருந்த இன்னாசி கொத்தனார் அப்பாவோடு அஞ்சாவது வரை படித்தவர். அவர் மகள் ரோசலி என்னோடு படித்தாள். கார்த்திகை கழிந்தால் நான் பாதிப் பொழுது அவர்கள் வீட்டில்தான் கிடப்பேன்.

அந்த வீட்டில் டிசம்பர் முழுக்க வேலை இருக்கும். இன்னாசி மாமா மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவி, பட்டம் விடுகிற காகிதத்தை ஒட்டி நட்சத்திரம் கட்டுவார். உள்ளே மெழுகுதிரி வைக்க ஒரு தகர மூடி. குடிலுக்கு வைக்கோல் கூரை. பதினைந்து நாளைக்கு முன்னாடியே கொட்டாங்கச்சியில் சோளம் விதைத்து இருட்டில் வைத்தால், பண்டிகைக்கு வெளிறின பச்சையில் முளைத்து நிற்கும். அதுதான் பெத்லகேம் வயல். மூன்று ராஜாக்களை ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி ஒவ்வொரு நாளும் ஒரு சாண் குடிலுக்குப் பக்கமாக நகர்த்துவார். எங்களுக்கென்று ஒரு வேலை உண்டு. ஒரு நல்ல காரியம் செய்தால் குடிலுக்குள் இருக்கிற காலித் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடலாம். பண்டிகைக்குள் தொட்டில் நிறைந்தால் பாலன் மெத்தையில் படுப்பார், இல்லாவிட்டால் வெறும் மண்ணில். அம்மாவுக்கு நாலு குடம் தண்ணி எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லி நானும் போடுவேன். வேதக்காரப் பிள்ளை இல்லையே என்று இன்னாசி மாமா ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர்தான் அப்பாவைக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கியவர். "தொந்தியும் உம்ம கிட்ட இருக்கு, பொம்மையும் உம்ம கடையில இருக்கு, பெறகு நான் எங்க போயி ஆளு தேட?" என்று கேட்டாராம். பானையைக் கவிழ்த்து அதன் மேல் காகிதக் கூழ் அப்பி முகமூடி செய்தது அவர். சிவப்புத் துணியில் அங்கி தைத்தது என் அம்மா முருகேஸ்வரி. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஞ்சை மைதாப் பசையில் ஒட்டித் தாடியும், கழுத்துக்கும் கைக்கும் கரையும். ஆறு வருஷமாக அப்பாதான் தாத்தா. பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்பது கட்டுப்பாடு. எனக்கும் தெரியாது.

அந்த வருஷம் எனக்கு ஒரு குதிரை மேல் ஆசை. சிவப்பு உடம்பு, மஞ்சள் பிடரி, காலுக்கு அடியில் நாலு சக்கரம். எங்கள் கடையிலேயே தொங்கியது. அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை என்று தாத்தாவிடம் கேட்பதாக முடிவு செய்தேன்.

தாத்தா வரும்போது பிள்ளைகள் கம்பி மத்தாப்பு பிடித்து நிற்பது எங்கள் ஊர் வழக்கம். இருட்டத் தொடங்கும்போது தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. நான் இன்னாசி மாமா வீட்டு வாசலில் தயாராக நின்றேன். ரோசலி இன்னொரு மத்தாப்பு எடுக்க உள்ளே ஓடினாள். தாத்தாவோடு வந்த பாட்டுக் கோஷ்டி பக்கத்து வீட்டிலேயே நின்றுவிட்டது. தாத்தா மட்டும் முன்னால் வந்தார். பின்னாலேயே பொம்மைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இன்னாசி மாமா. வாசலுக்கு மேலே அவர் கட்டின நட்சத்திரம் எரிந்தது.

தாத்தா என் முன்னால் குனிந்து, சாக்குக்குள் கை விட்டு அந்தக் குதிரையை எடுத்தார். நான் இன்னும் கேட்கவே இல்லை.

"இதான வேணும் தாயி?" என்றார்.

ஊருக்கெல்லாம் நான் தீபா; என்னைத் தாயி என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். முகமூடிக் கண் ஓட்டைக்குள் அப்பாவின் கண் இருக்கிறதா என்று பார்க்க, கையில் எரிந்துகொண்டிருந்த மத்தாப்பை அவர் முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்தினேன்.

பஞ்சு எரிவதற்கு நேரம் எடுக்காது. பொசுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாடி, கழுத்துக் கரை, காகித முகமூடி எல்லாம் ஒரே நேரத்தில். மைதாப் பசை வெந்து தோலோடு ஒட்டிக்கொண்டதில் முகமூடி கழன்று வரவில்லை. அப்பா கத்தவில்லை. இடது கையால் முகத்தைப் பிய்க்கப் பார்த்தார். இன்னாசி மாமா பொம்மைகளைக் கொட்டிவிட்டுச் சாக்கால் அவர் தலையைச் சுற்றிக் கீழே தள்ளி, மேலே விழுந்து படுத்துக்கொண்டார். அதற்குள் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கையில் அணைந்த கம்பி இருந்தது.

உப்பு ஏற்றி வந்த ஒரு வேனில் அப்பாவை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னாசி மாமாதான் கூடப் போனார். அம்மாவும் போய்விட, பாளையம்பட்டியிலிருந்து வந்த பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எல்லார் வாயிலும் ஒரே செய்தி. நட்சத்திரத்திலிருந்து மெழுகுதிரி சாய்ந்து தாத்தா மேல் விழுந்துவிட்டது. இன்னாசி சரியாகக் கட்டவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இன்னாசி மாமா வீட்டுக்குப் போனேன். நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். குடில் அப்படியே இருந்தது. தொட்டிலில் நான் போட்ட வைக்கோலை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. எது என்னுடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததையெல்லாம் உருவினேன். ரோசலியின் அம்மா பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து இன்னாசி மாமா திரும்பி வந்தார். அவர் கைகளிலும் கட்டு. பஸ்ஸிலிருந்து இறங்கின இடத்திலேயே என் பெரியப்பா பொன்னுச்சாமி அவரை மறித்தார். பாளையம்பட்டியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே, உன் வீட்டு வெளக்குதான என் தம்பியக் கொளுத்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி" என்றார் இன்னாசி மாமா.

"கட்டத் தெரியாதவன் எதுக்குலே கட்டுன?"

"தப்புதான் அண்ணாச்சி."

பெரியப்பா செருப்பைக் கழற்றி அடித்தார். கன்னத்தில், தலையில், கட்டுப் போட்ட கையில். பட்டப் பகல். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள், வேதக்காரத் தெரு ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். ரோசலி ஓடி வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எங்கள் கடை நடையில், பத்தடி தூரத்தில் நின்றேன். நான்தான் என்று வார்த்தை வாய் வரை வந்தது. அடிக்கிற செருப்பு என் பக்கம் திரும்பும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அடி முடிந்ததும் இன்னாசி மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார். பேசாதே என்பது போல.

அப்பா பங்குனியில் வீடு திரும்பினார். அவர் என்று சொல்லித்தான் காட்டினார்கள். ஒரு காது இல்லை. கீழ் உதடு தாடையோடு இழுத்துக் கிடந்தது, வாயை மூட முடியாது. எச்சில் வழிவதைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். இடது கையில் மூன்று விரல் ஒன்றாக ஒட்டிவிட்டது. உதடு ஒட்டாததால் ப-வும் ம-வும் அவருக்கு வரவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்ல முடியாமல் "ஏய்" என்று கூப்பிடத் தொடங்கினார். என்னைப் பார்த்து "தாயி" என்றார். அது மட்டும் தெளிவாக வந்தது. நான் பெரியம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதன் பிறகு கடைக்குப் பிள்ளைகள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் அவரைப் பார்த்து அலறின. அம்மா கல்லாவில் உட்கார, அப்பா சாக்குத் திரைக்குப் பின்னால் பொட்டலம் மடிப்பதோடு சரி. பொம்மை வாங்கிப் போடுவதை நிறுத்தினார். அந்தச் சிவப்புக் குதிரையை யாரோ தெருவிலிருந்து எடுத்து வந்து கடையில் கொடுத்திருந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர் தன் பேத்திக்கு வாங்கிப் போனார்.

நட்சத்திரத்தில் விளக்கு வைக்கக் கூடாது, தாத்தா வேஷம் வேண்டாம் என்று வேதக்காரர்கள் கோயிலில் சொல்லிவிட்டார்கள். பண்டிகை களை இழந்தது உன்னால்தான் என்று அவர் தெருக்காரர்களே இன்னாசி மாமாவை ஏசினார்கள். விளக்குக் கட்டத் தெரியாதவன் சுவர் எப்படிக் கட்டுவான் என்று ஒருவர் கேலியாகச் சொன்னது ஊர்ப் பேச்சாகி, கொத்து வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. ரோசலி பள்ளிக்கூடத்தில் இடம் மாறி உட்கார்ந்தாள். எண்பத்தெட்டில் வீட்டைப் பூட்டிவிட்டு விருதுநகர் பக்கம் போய்விட்டார்கள். பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டோம்.

நான் மறந்துவிட்டேன் என்றே அப்பாவும் அம்மாவும் நினைத்தார்கள். மறந்த பிள்ளையாகவே நானும் வளர்ந்தேன். மெழுகுதிரிக் கதையை யாராவது சொன்னால் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன். சில நாள் அது உண்மையோ என்றுகூட நினைப்பு வரும். கையில் பிடித்த கம்பியின் சூடு ஞாபகம் வந்து கலைத்துவிடும்.

தொண்ணூற்றாறில் நரிக்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு உரக்கடை. மாப்பிள்ளையின் அம்மா, திரைக்குப் பக்கத்தில் துண்டை வாயில் வைத்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, "அவுகளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அம்மா சொல்லிச் சொல்லிப் பழகின குரலில் சொன்னாள். "இந்த ஊருல இன்னாசின்னு ஒரு குடிகாரன் இருந்தான். போதையில ஒரு நட்சத்திரத்தக் கட்டித் தொங்கவிட்டு, இவுக மேல மெழுகுதிரி விழுந்துருச்சு."

இன்னாசி மாமா குடித்து நான் பார்த்ததில்லை. ஊரில் யாரும் பார்த்ததில்லை. பத்து வருஷத்தில் கதை தானாக அவருக்குச் சாராயத்தையும் ஊற்றிவிட்டது.

வந்தவர்கள் போன பிறகு நான் திரைக்குப் பின்னால் போனேன். அப்பா காகிதம் மடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா. மெழுகுதிரி விழல."

அவர் கை நின்றது. அவர் பேச்சு எங்களுக்குத்தான் புரியும். "நீ மறந்துருப்பேன்னு நெனச்சேன் தாயி."

"நான் மறக்கல. ஏம்ப்பா அப்படிச் சொன்னீக?"

"நான் சொல்லல. எனக்கு எங்க நெனவு இருந்துச்சு? ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து கேட்டப்ப இன்னாசி சொன்னானாம், எங்க வீட்டு நட்சத்திரம்னு. எனக்குக் கண்ணு முழிச்சதும் எங்காதுல வந்து சொன்னான். 'புள்ள மேல இந்தப் பேரு விழுந்தா காலத்துக்கும் போகாது காளிராஜு. அப்பனக் கொளுத்துனவளுன்னு சொல்லியே கொன்னுருவாங்க. நான் ஆம்பள, தாங்கிக்கிருவேன். நீ வாயத் தெறக்காத.' நான் தெறக்கல."

"பெரியப்பா அடிச்சப்ப நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"அடிச்சது எனக்குப் பின்னாடிதான் தெரியும்."

"தெரிஞ்ச பெறகு?"

அப்பா துண்டால் வாயைத் துடைத்தார். "தெரிஞ்ச பெறகும்தான்" என்றார்.

அடுத்த வாரம் நானும் அப்பாவும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். விபத்துக்குப் பிறகு அப்பா ஊரைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே வந்தது. பருப்பு மில்லில் விசாரித்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீட்டு வரிசைக்குப் போனோம்.

ரோசலி இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்தாள். என்னைத் தெரியவில்லை. அப்பாவைத் தெரிந்தது. அந்த முகம் யாருக்கும் மறக்காது. பிள்ளை வீறிட்டு அழுதது. அப்பா உடனே திரும்பி, வேலிப் பக்கம் போய் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அப்பா செத்து ரெண்டு வருசமாச்சு. அம்மா அதுக்கு முந்தியே போயிருச்சு."

நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். மத்தாப்பு, தாடி, போலீஸ்காரரிடம் அவள் அப்பா சொன்ன பொய், செருப்படி பட்ட பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினது, எல்லாம். ரோசலி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"ஒனக்குத் தெரியுமா" என்றாள். "இங்க வந்த பெறகு அவரு ஒரு குடிலு கட்டல. ஒரு தடவ, எனக்குப் பதினாலு வயசு, நட்சத்திரம் கட்டலாமா பாப்பான்னு கேட்டாரு. ஒரு மனுசனக் கொளுத்துனது பத்தாதான்னு கேட்டேன். பேசாமப் போயிட்டாரு. சாகுற வரைக்கும் எங்கிட்ட இதப் பத்திப் பேச்சே எடுக்கல. எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

அவள் என்னைத் தாண்டி அப்பாவின் முதுகைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க ஒரு தடவ வந்துருக்கலாம்ல மாமா. பத்து வருசத்துல ஒரு தடவ."

அப்பா திரும்பவில்லை.

"மன்னிச்சிரு ரோசலி" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? இங்க எங்கப்பாவ யாருக்கும் தெரியாது. எங்க வச்சு அடிச்சாகளோ அங்க போயிச் சொல்லுங்க." பிள்ளையைச் சமாதானம் பண்ணிக்கொண்டே உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்ற நேரம் அப்பா கடையிலிருந்து இறங்கி நடு ரோட்டுக்கு வந்தார். பெரியப்பாவை முந்தின நாளே வரச் சொல்லியிருந்தார். அம்மா, "வேணாம், நரிக்குடிக்காரவுக காதுக்குப் போயிரும்" என்று அழுதாள். அப்பா பேச ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் புரியவில்லை. அதனால் நான் பக்கத்தில் போய் நின்று அவர் சொல்வதை வாக்கியம் வாக்கியமாக எடுத்துச் சொன்னேன். மத்தாப்பு இடம் வந்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். மீதியை நானே சொன்னேன். இன்னாசி மாமா குடிக்க மாட்டார் என்பதையும் சொன்னேன்.

வேதக்காரத் தெருப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பெரியப்பா தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "என்னைய இப்படி ஆக்கிட்டியேடா" என்றார். அந்தப் பஸ்ஸிலேயே பாளையம்பட்டிக்குப் போனவர், எங்கள் வீட்டு நல்லது எதற்கும் வரவில்லை.

நரிக்குடிச் சம்பந்தம் நாலு நாளில் முறிந்தது. காரணம் ஜாதகம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னாசி மாமா சொன்னது சரிதான். அடுத்து வந்த இரண்டு இடமும் ஊர் எல்லையில் விசாரித்துவிட்டே திரும்பிப் போயின. தண்ணி எடுக்கப் போனால் பேச்சு நிற்கும். "அப்பனக் கொளுத்துனவ" என்பதை என் காதுபடவே ஒரு பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைத் திருத்த என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கல்லாவில் உட்காரத் தொடங்கினேன். இன்று வரை உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா தொண்ணூற்றொன்பது ஆடியில் இறந்தார். பக்கத்து வீட்டு ஆள் விருதுநகருக்கு லோடு ஏற்றப் போனவர், ரோசலியிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் அவள் வந்தாள், மூன்று வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்பா முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியை விலக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, மாலையைப் போட்டாள். பையன் அழவில்லை. பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை.

மூணு மணி பஸ்ஸுக்கு எழுந்தபோது நான் கூடவே ஸ்டாப்பு வரை போனேன். வெயில் கொளுத்தியது. சுற்றி யாரும் இல்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். அதனால் நானும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பஸ் வந்து நின்றது. பையனை முதலில் ஏற்றிவிட்டு, படியில் கால் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "வாரேன் தீபா" என்றாள்.